லட்டுப் பைகளும் ஒரு வேலைக் கடிதமும்

அறுபத்தைந்து வயதோடு விமானியின் ஆட்டம் முடிந்துவிடும். கண் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி, பிறந்தநாள் வந்தால் இறங்கிவிட வேண்டியதுதான். எனக்குப் போன வருடம் அந்த நாள் வந்தது. அதற்குப் பிறகு சித்தூரில் எனக்கு இருக்கும் ஒரே உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் நின்று ஊரார் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது. மேலே போகும்போது காது ஏன் அடைக்கிறது, மேகத்துக்குள் போனால் வழி எப்படித் தெரியும், உனக்குப் பயமே வராதா. சலிக்காமல் சொல்வேன். ஆள் கிடைத்தால் விடமாட்டேன் என்று என் மனைவி ஸ்டெல்லா சொல்வாள். அது உண்மைதான்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இருபத்தைந்து வருடமாகப் பொய் சொல்லி வந்தேன். "நீ ஏன் பெரிய கம்பெனிக்குப் போகல?" என்று யாராவது கேட்டால், "செலக்ட் ஆகல" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கேட்டவர்களும் ஐயோ பாவம் என்று விட்டுவிடுவார்கள். சென்ற மாதம் அந்தப் பொய் எடுபடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேட்டவள் ஏஞ்சலின். எங்கள் பாடகர் குழுவில் பாடும் சுகுணா டீச்சரின் மகள். விமானி லைசன்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகியும் வேலை கிடைக்காமல் இருந்தாள். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் வேலைக் கடிதத்தோடு வந்து நின்றாள். திருப்பதியிலிருந்து சின்ன விமானங்களை ஓட்ட ஆரம்பித்திருந்த ஒரு புதிய கம்பெனி அது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு வாரம் கெடு. கூடவே சுகுணாவும், சுகுணாவின் தம்பி பால்ராஜும் வந்திருந்தார்கள். பால்ராஜ் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் மனிதர்.

"சின்ன கம்பெனிக்காரன் இன்னைக்கு இருப்பான், நாளைக்கு ஷட்டரை இழுத்துட்டுப் போய்க்கினே இருப்பான்" என்றார் பால்ராஜ். "பெரிய கம்பெனி கூப்பிடற வரைக்கும் பொறுத்துக்கினு இருக்கச் சொல்லுங்கண்ணே."

"எத்தனி வருசம்டா பொறுக்கறது?" என்றாள் சுகுணா. "போற எடத்துல எல்லாம் பொண்ணு இன்னா பண்ணுதுன்னு கேக்கறாங்க. பதில் சொல்ல எனக்கு வாய் வரல. கெடைச்சதுல சேர்ந்துடட்டும்."

நான் சுகுணா பக்கம்தான் பேசினேன். விமானிக்குப் பட்டத்தைவிடப் பறந்த மணி நேரம்தான் முக்கியம். சின்ன விமானத்தில் ஒரு நாளைக்கு நாலு முறை ஏறி இறங்கினால் கை பழகும். பெரிய கம்பெனிக்காரனும் அதைத்தான் கேட்பான். "சேர்ந்துடும்மா" என்று சொல்லிவிட்டேன். பால்ராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு டீ கொடுக்கும் பக்கம் போனார். சுகுணா சந்தோஷமாகப் பின்னால் போனாள். ஏஞ்சலின் போகவில்லை.

"அங்கிள், எங்க ஃப்ளையிங் கிளப்புல கிஷோர் சார்னு ஒருத்தர் பாடம் எடுத்தாரு. உங்க கூட பறந்தவராம். உங்களுக்குப் பெரிய கம்பெனி லெட்டர் வந்துச்சி, நீங்கதான் போகலன்னு சொன்னாரு. நீங்க எல்லார்கிட்டயும் செலக்ட் ஆகலன்னு சொல்லிக்கினு இருக்கீங்க. ஏன் அங்கிள்?"

கிஷோர் பெயரைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பெண் கேலி செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்காரச் சொல்லி, ஊரில் ஸ்டெல்லாவைத் தவிர யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன்.

என் நைனா சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் விமானியான கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். அரசாங்க உதவித்தொகையில் பயிற்சி. லைசன்ஸ் கைக்கு வந்த நேரம், நாட்டில் ஒரு கம்பெனிக்கும் விமானி தேவைப்படவில்லை. எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். லைசன்ஸ் செத்துப்போகாமல் இருக்க லீவு நாளில் போய்க் கொஞ்சம் பறந்துவிட்டு வருவேன். பசங்கள் எனக்கு வைத்த பெயர் ஏரோப்ளேன் சார். பறக்காத ஏரோப்ளேன் என்று சேர்த்துச் சொல்வது எனக்கும் கேட்கும். முப்பத்து நாலாவது வயதில், திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவிலிருந்து பறந்துகொண்டிருந்த ஒரு சின்ன கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது.

இரண்டே விமானங்கள். பத்தொன்பது இருக்கை, இறக்கைக்கு ஒரு விசிறி. பணிப்பெண் கிடையாது. துணை விமானிதான் பயணிகளை வரவேற்று, தலையெண்ணி, பெல்ட் போடுவதைத் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்காட்டி, கதவையும் சாத்திவிட்டு, குனிந்தபடியே முன்னால் வந்து உட்கார வேண்டும். மாப்பிள்ளையே பந்தி பரிமாறிவிட்டுத் தாலி கட்ட வந்து உட்காருவது மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. ஏறுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் பறப்போம்.

எங்கள் தலைமை விமானி கேப்டன் சேஷகிரி. விமானப்படையில் இருந்து வந்தவர். கர்னூல் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நேர்காணலில் பறப்பது பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு லோடு ஷீட்டை என் முன்னால் வைத்தார். பயணிகள் எத்தனை பேர், பெட்டிகள் எத்தனை கிலோ, எரிபொருள் எண்ணெய் எவ்வளவு, எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதி, கேப்டன் கையெழுத்துப் போட வேண்டிய சீட்டு அது. அதில் ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, "சூசாவா, செப்பாரா?" என்றார்.

நீ பார்த்தாயா, அல்லது சொன்னார்களா. எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே விளக்கினார். எண்ணெய் அளவை மீட்டரில் நானே பார்த்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். லோடர் வந்து பெட்டி இருநூறு கிலோ என்று சொன்னால், அது சொன்னது, அதற்கு ஒரு வட்டம். டிக் போட்டதை நம்பலாம். வட்டம் போட்டதைப் பற்றி யோசிக்க வேண்டும். சீட்டில் மூன்று வட்டத்துக்கு மேல் வந்தால் எழுந்து போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. எங்கள் கம்பெனியில் மட்டும் இருந்த பழக்கம்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகள் பள்ளியிலிருந்து வந்து, "மிஸ் இன்னைக்கு வரமாட்டாங்கன்னு தெரியும்" என்று ஏதாவது சொன்னால், ஸ்டெல்லா அடுப்படியிலிருந்தே "சூசாவா, செப்பாரா?" என்பாள். சேஷகிரியை ஒரு முறைதான் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர் குரல் அச்சாக வரும்.

ஆறு வருடம் ஓடியது. நான் கேப்டன் ஆனேன். சம்பளம் சில மாதம் தேதி தவறி வரும். சீருடைக்குத் துணி மட்டும் கொடுப்பார்கள், தையல் நம்முடையது. இருந்தாலும் காலையில் சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டி, சந்திரகிரி கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவது எனக்கு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுத்தது. எழுதினேன், போனேன், தேர்வானேன். கடிதம் வந்தது. சென்னையில் வேலை, நூற்றைம்பது பேர் உட்காரும் ஜெட் விமானம். ஸ்டெல்லா கடிதத்தை மூன்று முறை படித்தாள். மகளுக்கு எந்தப் பள்ளி, வீடு எந்தப் பக்கம் என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பிறந்த ஊர் பெரம்பூர். அம்மா வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்ற ஆசையை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

சேர ஒரு மாதம் இருந்தது. கேட்டது ஒரே ஒரு காகிதம்தான். இவர்மேல் எந்த விசாரணையும் நிலுவையில் இல்லை, விடுவிக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சேஷகிரி கையெழுத்திட்டுத் தர வேண்டும். "தப்பகுண்டா இஸ்தானு, எட்வின்" என்றார். கண்டிப்பாகத் தருகிறேன் என்று. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்கு அடுத்த வாரம் மே மாத மதியம். ரேணிகுண்டாவிலிருந்து விஜயவாடாவுக்குப் பத்தொன்பது பேர். அதில் பதினேழு பேர் ஒரே குடும்பம். மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள். தாத்தா முதல் மூன்று வயதுக் குழந்தை வரை எல்லாத் தலையிலும் சந்தனம். நான் கதவருகே நின்றிருந்தேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தெலுங்கில், "அத்தனை பேரும் முடியை மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம், அந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் இரண்டு கையிலும் பை. அவர் மனைவி கையிலும் பை. பின்னால் வந்த எல்லோர் கையிலும் பை. லட்டு.

ஊரில் அடுத்த வாரம் கல்யாணமாம். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கப் பெரிய லட்டுகளாக வாங்கியிருந்தார்கள். அதைச் சரக்கறையில் போட மாட்டார்கள். அங்கே பெட்டி இருக்கும், பெட்டிக்குள் செருப்பு இருக்கும். செருப்போடு பிரசாதத்தைச் சேர்த்து வைக்க எந்தப் பக்தருக்கு மனசு வரும்? அதனால் திருப்பதியிலிருந்து திரும்புகிறவர்கள் லட்டை மடியிலேயே வைத்துக்கொள்வார்கள். நாங்களும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தோம்.

சீட்டில் ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ, கைப்பையோடு சேர்த்து என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. பத்தொன்பதால் பெருக்கி எழுதியிருந்தார்கள். அன்றைக்கு எண்ணெயும் கூட ஏற்றியிருந்தோம். மொத்தம் எல்லைக் கோட்டுக்குச் சரியாக வந்து நின்றது. பயணிகள் எடை என்ற வரிக்குப் பக்கத்தில் நான் டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ஓடுபாதையில் ஓட ஆரம்பித்ததும் இருக்கை வழியாகவே தெரிந்துவிட்டது. வழக்கமாக எழும் இடம் வந்தது, போனது. வேகமுள் சோம்பேறியாக ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஓடுபாதையின் முடிவு எனக்குப் பிடிக்காத அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வழியாக மூக்கைத் தூக்கினேன். எழுந்தது. ஏர்பேடு பக்கத்து வயல்கள் வழக்கத்தைவிட வெகுநேரம் கிட்டவே இருந்தன. அந்த நிமிடத்தில் ஒரு எஞ்சின் நின்றிருந்தால், மற்றது மட்டும் எங்களை மேலே கொண்டுபோயிருக்காது. பின்னால் அந்த மூன்று வயதுக் குழந்தை கைதட்டிக்கொண்டிருந்தது.

துணை விமானியாக இருந்தவன் கிஷோர். அப்போது சின்னப் பையன். "சார், ரொம்ப தூரம் ஓடுச்சே" என்றான்.

"வெயிலுடா" என்றேன். வெயிலில் காற்று இளகும், ஓட்டம் நீளும், அது உண்மைதான். ஆனால் அவ்வளவு நீளாது. எனக்கு அது தெரியும்.

விஜயவாடாவில் இறங்கியதும் அந்தப் பெரியவரிடம் கெஞ்சிக் கேட்டு, ஒரு பையைப் பெட்டி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலரை கிலோ. அப்படி முப்பத்திரண்டு பை இருந்ததைக் கிஷோர் எண்ணியிருந்தான். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். கைப்பைக்கென்று கணக்கில் விட்டதைக் கழித்தாலும், ஒரு முழு ஆளுக்கு மேல் எடையைச் சீட்டில் இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் விசாரணை. விசாரணை இருக்கும்வரை அந்தக் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாமல் சென்னை இல்லை, ஜெட் இல்லை, பெரம்பூர் இல்லை. எழுதாவிட்டால் மூன்று வாரத்தில் நான் போய்விடுவேன். எனக்குப் பிறகு யாரோ ஒருவர் இன்னொரு மே மதியத்தில் இன்னொரு கல்யாண லட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அது பெரும்பாலும் கிஷோராகத்தான் இருக்கும், அவனுக்குச் சீக்கிரமே கேப்டன் பதவி வரவிருந்தது.

இரண்டு நாள் நான் எழுதவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாளும் நல்லவன் மாதிரி வேலைக்குப் போய் வந்தேன். மூன்றாம் நாள் காலை புறப்படும் முன், கிஷோர் லோடு ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். பயணிகள் எடைக்குப் பக்கத்தில் அவனே டிக் போட்டு வைத்திருந்தான். "நீங்க போடறீங்களே சார், அதான்" என்றான்.

அன்று மதியம் ரேணிகுண்டா சாலையில் இருந்த எங்கள் மாடி அலுவலகத்துக்குப் போனேன். சேஷகிரி தயிர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு கோப்பிலிருந்து அந்த நாள் சீட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்து, என் பென்சில் குறியில் விரலை வைத்தார்.

"இது சூசாவா, செப்பாரா?"

"பார்க்கல சார்."

"அப்போ யாரு செப்பாரு?"

"யாரும் சொல்லல சார். நானே எனக்கு சொல்லிக்கினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெரிய கம்பெனிக்கான என்னுடைய காகிதம். டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"எட்வின், நீ எழுதிக் கொடுத்தா விசாரணை முடிய ரெண்டு மாசம் ஆவும். விசாரணை இல்லன்னு நான் பொய் சைன் பண்ணமாட்டேன். இப்ப நீ சொன்னது வாய் வார்த்தை. எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதலன்னாலும் நாளைலேர்ந்து நான் லட்டை நிறுப்பேன், அது என் வேலை. கூச்சோ, உக்காரு. நிதானமா யோசி."

அவர் எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். இரண்டு காகிதத்தோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனார். அவர் செய்ததிலேயே கொடுமையானதும் மரியாதையானதும் அதுதான். உள்ளே உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. பிறகு வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன். டிக் போட்டதையும் எழுதினேன்.

மறுநாள் சேஷகிரியே ரேணிகுண்டாவில் கவுண்டர் முன்னால் நின்று ஒவ்வொரு லட்டுப் பையையும் நிறுத்தார். பெரிய ரகளை. "சாமி பிரசாதத்தைத் தராசுல வெப்பீங்களா?" என்று ஒரு அம்மா அவரிடம் சண்டைக்கு நின்றார். பையைச் சரக்கறைக்குக் கொடுக்க யாரும் சம்மதிக்கவில்லை. விமானம் ஒரு மணி நேரம் தாமதம். வழி சொன்னது எங்கள் லோடர் முனிரத்தினம்.

"சார், மூக்குப் பக்கத்துல சின்ன ரூம் ஒண்ணு சும்மாதான கீது. அதுல செருப்பு, பெட்டி எதையும் வெக்காதீங்க. புதுப் பெட்டி ஒண்ணு போட்டு, மஞ்சத்துணி விரிச்சி, குங்குமம் வெச்சிட்டா அவங்களே கொண்டாந்து குடுப்பாங்க."

அப்படியே செய்தோம். விமானத்தின் மூக்கில் ஒரு குட்டிச் சரக்கறை உண்டு, அதை நாங்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. திருப்பதி பஜாரில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தோம். முதல் நாள் முனிரத்தினம் லீவு. அதனால் மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தது கம்பவுண்டர் ஆரோக்கியத்தின் மகன் எட்வின். எங்கள் பாஸ்டர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தங்கள் கையாலேயே தராசில் வைத்து, தங்கள் கையாலேயே பெட்டிக்குள் அடுக்கினார்கள். சண்டை போட்ட அம்மா மாதிரி ஆட்கள்தான் முதலில் வந்தார்கள். சீட்டில் புதிதாக ஒரு வரி வந்தது, பிரசாதம் என்று. அதற்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு டிக் போட்டோம்.

விசாரணை முடிவில் எனக்கு எச்சரிக்கையும் ஒரு வாரம் மறுபயிற்சியும் கிடைத்தன. அதற்குள் பெரிய கம்பெனியின் தேதி போய்விட்டது. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை வரவில்லை. ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாமே" என்றாள். அது நியாயம். நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதவிடமாட்டாளோ என்ற பயம். மேசைமேல் இருந்த பெரிய கம்பெனிக் கடிதம் மறுநாள் காணவில்லை. கிழித்துவிட்டாள் என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. ஊரில் செலக்ட் ஆகவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் பத்தொன்பது பேரை எப்படி ஏற்றிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்ல வேண்டுமே. அந்தக் கம்பெனி பிறகு மூடியது. வேறு இரண்டு சின்ன கம்பெனிகளில் பறந்தேன். ஜெட் ஓட்டவே இல்லை. சென்னை விமான நிலையத்தில் அந்தப் பெரிய விமானங்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சில நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் ஏஞ்சலின் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் கம்பெனியில உங்கள எப்படி நடத்தினாங்க அங்கிள்?" என்றாள்.

"அடுத்த வருசம் சேஷகிரி சார் என்னைப் புதுசா வர்றவங்களுக்கு லோடு ஷீட் பாடம் எடுக்கச் சொன்னாரும்மா. அந்தச் சீட்டையே காட்டி எடுக்கச் சொன்னாரு."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். நான் சேரச் சொன்னேன் என்பதை மறுபடியும் நினைவுபடுத்தினேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் மூன்று பேரும் வந்தபோது சுகுணாவின் கண்கள் சிவந்திருந்தன. ஏஞ்சலின் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டாளாம். புதிய கம்பெனியின் அலுவலகத்தில், காகிதத்தை முன்னால் வைத்தபோது, இவள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். உங்கள் கம்பெனியில் கடைசியாகத் தானே வந்து தப்பை ஒத்துக்கொண்ட விமானி யார், இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று.

"அதுக்கு அந்த சார் சிரிச்சாரு அங்கிள். எங்க பைலட்டுங்க தப்பே பண்ணமாட்டாங்கம்மா, பண்ணா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிச்சிடுவோம்னாரு. அதான் எழுந்து வந்துட்டேன்."

எனக்குப் பக்கென்றது. பெருமையா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு வருடம் காத்திருந்த பெண். அடுத்த கடிதம் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? நான் வாயைத் திறப்பதற்குள் பால்ராஜ் ஆரம்பித்துவிட்டார். போன வாரம் சேரவேண்டாம் என்று சொன்னவர்தான், இப்போது சேராததற்கும் கோபம்.

"ஏன்மா, யார் கிட்ட போய் யோசனை கேக்கறதுன்னு ஒரு இது வேணாம்? அண்ணன் தப்பா நெனைச்சிக்கக் கூடாது. பெரிய கம்பெனி வேணாம்னு கழிச்சு விட்ட மனுசன் பேச்சைக் கேட்டுக்கினு வந்த வேலையை வுட்டுட்டு வந்து நிக்கறியே!"

சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். பாஸ்டரும் இருந்தார். நான் வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து சேஷகிரியின் குரல் கேட்டது.

"பால்ராஜூ, அவரைக் கழிச்சு விட்டதை நீ சூசாவா, செப்பாரா?"

திரும்பிப் பார்த்தேன், ஸ்டெல்லா. கைப்பையைத் திறந்தாள். பைபிளை எடுத்தாள். அதற்குள்ளிருந்து, மடிப்புகள் பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து பால்ராஜின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படி. சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

பால்ராஜ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு நானும் அந்த வேலைக் கடிதத்தைக் கேட்டேன்.